பீர்ச்சாலையும் உஷ்ண சாஸ்திரமும்

சக்தி அழிவதில்லை, ஓர் உருவத்தினின்று மற்றோர் உருவத்துக்கு மாறுகிறதேயன்றிக் குறைவதுமில்லை என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் தயக்கமின்றி ஒப்பிக்கும் சித்தாந்தத்துக்கு எண்ணளவில் ஆதாரம் தேடிக் கொடுத்தவர்களுள் முதன்மையானவர், எந்தச் சர்வகலாசாலையிலும் ஆசிரியராக அமர்ந்தவரல்லர். இங்கிலாந்தில் மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் பீர் தயாரித்துச் செல்வம் சேர்த்த ஒருவரின் குமாரராக 1818-இல் பிறந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் என்பவர். மதுவிலக்கில் பற்றுடைய நம்மவருக்கு இது சற்றுச் சங்கடமான செய்திதான். ஆயினும் நடந்தது அதுவே.

அந்தத் தொழிலின் உயிர்நாடி சூட்டின் அளவில் இருந்தது. முளைவிட்ட வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைக்கையில் சூடு மிஞ்சினால் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறாது. பின்னர்ச் சாறு நொதிக்கும் தொட்டியிலும் சூடு மிஞ்சினால் சரக்கு முழுவதும் கெட்டுப் போகும். ஆதியில் தொழிலாளிகள் விரலைத் தோய்த்துப் பார்த்தும், ஆவி விலகி நீரில் தம் முகம் தெரிகிறதா என்று நோக்கியுமே இதனை நிதானித்தார்கள். 1762-இல் மைக்கேல் கூம்ப்ரூன் என்ற பீர் வியாபாரி தமது நூலில் வெப்பமானியின் அவசியத்தை வற்புறுத்தினார். போகப் போக, வெப்பமானி பீர்ச்சாலைகளின் நித்திய உபகரணமாயிற்று. கலால் அதிகாரிகளின் கெடுபிடி வேறு இருந்ததால், அளவில் பிசகுவது என்பது பணத்தில் பிசகுவதாகவே முடிந்தது.

இத்தகைய சூழலில் வளர்ந்து, அணுக்கொள்கையின் ஆசானான ஜான் டால்டனிடம் பாடம் கேட்ட ஜூல், 1838 முதல் மின்சார யந்திரங்களில் ஈடுபட்டு, நீராவி யந்திரத்துக்குப் பதிலாக அவற்றை அமர்த்தலாமா என்று ஆராய்ந்து, மின்கலத்தில் கரையும் துத்தநாகத்தின் விலை நிலக்கரியின் விலையைவிட எத்தனையோ மடங்கு அதிகம் என்று கண்டு அந்த ஆசையைக் கைவிட்டார். இன்ன செலவுக்கு இன்ன வேலை என்ற அந்த வியாபாரக் கேள்வியோ அவரை விடவில்லை.

அதற்கு விடை காண அவர் செய்த சோதனை இது: கயிற்றில் கட்டிய எடைகள் கீழிறங்க, அவற்றால் சுழலும் துடுப்புகள் பாத்திரத்து நீரைக் கலக்க, கலங்கிய நீர் சூடேறும். எடைகளை இருபது முறை இறக்கியும் ஏறிய சூடு ஏறக்குறைய அரை ஃபாரன்ஹீட் டிகிரிதான். மான்செஸ்டரில் டான்சர் என்ற கருவி வினைஞர் செய்து கொடுத்த வெப்பமானியில் ஒரு டிகிரியின் இருநூற்றில் ஒரு பங்கைக் கண்ணால் மதிப்பதாக ஜூல் சொன்னபோது, பண்டிதர்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. பீர்ச்சாலையில் பழகிய கண்ணுக்கு அது அசாத்தியமன்று என்பதை அவர்கள் எங்ஙனம் அறிவார்கள்? 1843-இல் கார்க் நகரத்தில் கூடிய விஞ்ஞானச் சபையில் அவர் பேசியதற்கு மௌனமே பதிலாயிற்று. 1847-இல் அச்சபை ஆக்ஸ்போர்டில் கூடியபோதோ, சுருக்கமாகச் சொல்லி முடிக்கும்படி தலைவர் பணித்துவிட்டார்; வில்லியம் தாம்ஸன் என்ற இளைஞர் மட்டும் அக்கறை காட்டியிராவிட்டால் அன்றும் அது கேட்பாரற்றே போயிருக்கும். அந்த இளைஞரே பிற்காலத்துக் கெல்வின் பிரபு.

772 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்தும் வேலை, ஒரு பவுண்டு நீரை ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி சூடேற்றும் உஷ்ணத்துக்குச் சமம் என்று 1850-இல் அவர் வெளியிட்ட கணக்கு, இன்றைய 778-க்கு வெகு சமீபமானது. குடும்பத்தின் பீர்ச்சாலை 1854-இல் விற்கப்பட்டது. கைப்பொருளும் நாளடைவில் கரைந்தது. 1878 முதல் அரசாங்கம் ஆண்டுக்கு 200 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தது. 1889-இல் பாரிஸில் கூடிய மின்சார மகாநாடு சக்தியின் அலகுக்கு அவர் பெயரைச் சூட்டிற்று. அவ்வாண்டு அக்டோபரில் ஜூல் காலமானார்.