மலை ரயிலுக்குப் பணம் கொடுத்தது யார்?

நீலகிரி மலை ரயிலைத் தனியார் துணிச்சலின் சாதனை என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தப் பாராட்டில் பாதிதான் நிற்கிறது. 1854-லேயே பேச்சு எழுந்தது. 1882-ல் சுவிட்சர்லாந்தின் பல்சக்கர ரயில் நிபுணர் ரிகன்பாக் குன்னூருக்கு வந்து பார்த்தார். 1891-ல் ஆளுநர் வென்லாக் பிரபு வேலையைத் தொடங்கி வைத்தார்; மூன்றே ஆண்டில் கம்பெனி நொடித்துப்போனது. 1896-ல் வந்த புதிய கம்பெனி 1899-ல் குன்னூர் வரை ரயிலைக் கொண்டுவந்தது. 1903-ல் அரசு அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. ஊட்டிக்கு ரயில் ஏறியது 1908-ல், அரசுப் பணத்தில்.

கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையிலான கடுஞ்செங்குத்தைக் கம்பெனிதானே கடந்தது என்று கேட்கலாம். உண்மைதான், அந்தப் பொறியியல் பெருமையை யாரும் பறிக்க முடியாது. ஆனால் முதல் கம்பெனி திவால், இரண்டாவது கம்பெனியின் பாதையோ திறந்த நான்காம் ஆண்டே அரசின் கையில். தனியார் முதலீடு மட்டும் இந்த மலையைத் தாங்கவில்லை. அதற்கு முன்பே, 1830-களின் தொடக்கத்தில், குன்னூர் மலைப்பாதையை வெட்டியதும் சென்னை ராணுவத்தின் பயனியர் படைதான்.

இத்தகைய வேலைகளுக்கு அரசுதான் பணம் கொடுக்க வேண்டும் என்பதில்லை. எடுத்துக்காட்டாக, இடைக்கால இங்கிலாந்தில் ஊர் மதில்களுக்காக மன்னர் பெரும்பாலும் தன் கருவூலத்தைத் திறக்கவில்லை. யார்மவுத், ஹல் போன்ற துறைமுக ஊர்கள் மதில் கட்டக் கேட்டபோது, சந்தைக்கு வரும் சரக்கின் மேல் சில ஆண்டுகளுக்குச் சுங்கம் வாங்கிக்கொள்ள அனுமதி தந்தார். பயன்பெறும் ஊரும் அங்கே வணிகம் செய்தவர்களுமே பணம் கொடுத்தார்கள். நீலகிரியில் அப்படி நடக்கவில்லை. காரணம் வெளிப்படை: ஊட்டி சென்னை அரசின் கோடைத் தலைநகரம். ஆள்பவர்களே அங்கே குடியிருந்தார்கள்.

தேயிலைத் தோட்டங்களுக்கும் பயன் கிடைத்ததே என்பார்கள். கிடைத்தது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மாகாணக் கருவூலத்தை நிரப்பியது பெரும்பாலும் சமவெளி உழவர்களின் நிலவரி. லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட 1876–78 பஞ்சத்தின் நடுவில்தான் ஊட்டியில் ஆளுநர் மாளிகை எழத் தொடங்கியது என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இந்த ரயில் 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதன் செலவில் தஞ்சாவூர், நெல்லூர் வயல்களின் பங்கும் இருக்கிறது. மலை வரலாறு எழுதுகிறவர்கள் அதை விட்டுவிடக் கூடாது.