மத்திய மேற்கு நகரங்களின் பன்மை: மில்வாக்கியும் மினியாப்பொலிஸும்

ஐக்கிய அமெரிக்காவின் மத்திய மேற்கு நகரங்களுள் எது கூடுதலான பல்லினத்தன்மை வாய்ந்தது என்ற வினாவுக்குக் குடித்தொகை விகிதாசாரங்களைக் கொண்டு விடைகாண்பதே பொதுவழக்கு. மொழிகளையும் உணவகங்களையும் எண்ணும் இக்கணக்கு, அம்மக்கள் எத்தகைய உற்பத்தி உறவுகளின்கீழ் ஒன்றுசேர்க்கப்பட்டனர் என்பதை மறைத்துவிடுகிறது.

மில்வாக்கியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மனியரும், தொடர்ந்து போலந்தியரும் குடியேறினர். 1886 மே 5ஆம் திகதி எட்டு மணிநேர வேலைநாள் கோரி பே வியூ உருக்காலையை நோக்கிச் சென்ற தொழிலாளர்மீது மாநிலப் படையினர் சுட்டனர். சென்றோருட் பலர் போலந்தியர். 1910இல் எமில் சைடல் என்ற சோஷலிசவாதியை அந்நகரம் மேயராக்கிற்று. சோஷலிச மேயர்களுள் இறுதியானவர் பதவி நீங்கியது 1960இல். ஆயினும் தென்மாநிலங்களிலிருந்து தொழில்தேடி வந்த கறுப்பின மக்கள் நகரின் வடபகுதிக்குள் ஒதுக்கப்பட்டனர். 1967இல் வீட்டுரிமை கோரித் தொடங்கி இருநூறு இரவுகள் நடந்த ஊர்வலங்கள் பாலத்தைக் கடந்து தெற்கே சென்றபோது, கல்லும் போத்தலும் வீசி எதிர்த்தவர்கள் அப்பகுதியின் வெள்ளையினத்தவரே. அதுவோ போலந்தியத் தொழிலாளரின் குடியிருப்பு. வர்க்க ஒற்றுமை நிறவெல்லையில் முறிந்த இவ்விடத்தை நம்மவருட் சிலர் விரைந்து கடந்துவிடுவர். அது நேர்மையன்று.

மாவாலை நகரான மினியாப்பொலிஸ் 1934இல் லொறித் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தத்தைக் கண்டது. அங்கு ஸ்கண்டிநேவியர் வாழ்ந்த சீடர் ரிவர்சைட், 1991இன் உள்நாட்டுப் போருக்குப் பின் சோமாலியரின் குடியிருப்பாயிற்று. பன்மைக்குச் சான்றாக இதனையே காட்டுவர். ஆனால் அதே நகரில் 1910 முதல் வீட்டுறுதிகளில், வெள்ளையரல்லாதார்க்கு விற்கலாகாது என்ற நிபந்தனை எழுதப்பட்டு வந்தது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாதென உச்ச நீதிமன்றம் தீர்த்தது 1948இலேயே. எத்தெருவில் யார் காணி வாங்கலாம் என்பது அதற்குள் பெரும்பாலும் முடிவாகியிருந்தது.