ஒற்றை வாக்கும் ஓயாத சந்தேகமும்

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில், ஆண்டின் மதிப்புமிக்க ஆட்டக்காரரை 1980 வரை சக ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்து வந்தனர். 1961-62 பருவத்தில் வில்ட் சேம்பர்லேன் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளிகள் குவித்தார். விருதோ பில் ரஸ்ஸலுக்குப் போனது. காரணம் பொறாமையா, ரஸ்ஸலுடைய அணியின் வெற்றியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

1980-81 பருவம் முதல் வாக்குச்சீட்டு செய்தியாளர், ஒளிபரப்பாளர் கைக்கு மாறியது. சந்தேகமும் கூடவே வந்தது. 2000-இல் ஷக்கீல் ஓ'நீலுக்கு 121 முதலிட வாக்குகளில் 120 கிடைத்தன. மீதி ஒன்றை ஆலன் ஐவர்சனுக்கு அளித்தவர் சி.என்.என். தொலைக்காட்சியின் பிரெட் ஹிக்மன். தம் அணிக்கு அதிகம் பயன்பட்டவர் ஐவர்சனே என்பது அவர் தந்த விளக்கம். ஆயினும் கண்டனம் குவிந்தது. 2013-இல் லெப்ரோன் ஜேம்ஸும் அதே ஒரு வாக்கில் முழுமையைத் தவறவிட்டார். 2016-இல்தான் ஸ்டீபன் கரி 131 வாக்குகளையும் அள்ளினார்.

மாறுபட்ட கருத்து வேறு, மனக்கசப்பு வேறு. மூடிய சீட்டில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எனவே 2014 முதல் யார் யாருக்கு வாக்களித்தார் என்பது வெளியிடப்படுகிறது. 2017-இல் அணிகளைச் சார்ந்த ஒளிபரப்பாளர்களின் வாக்குரிமையும் நீக்கப்பட்டது.

இருப்பினும் ஒரு முடிச்சு அவிழவில்லை. 2017 ஒப்பந்தத்தின்படி, இத்தகைய விருதுகள் சில ஆட்டக்காரர்களின் உச்சச் சம்பளத் தகுதியையே தீர்மானிக்கின்றன. செய்தி எழுதுபவரே ஒருவரின் ஊதியத்தையும் நிர்ணயிக்கலாமா? நியூயார்க் டைம்ஸ் நாளேடு இவ்வகை வாக்கெடுப்புகளில் தன் செய்தியாளர்களைப் பங்கேற்க விடுவதில்லை. அந்த ஒதுக்கமே நேர்மையான பதில்.