ரோபோ அறுவைச் சிகிச்சையா? அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

அம்மாவுக்குக் கருப்பையில் கட்டி. "ரோபோ முறையில் அகற்றலாம்" என்கிறார் மருத்துவர். "என்னது, மெஷினா ஆபரேஷன் பண்ணும்?" என்று அம்மா உங்களைத்தான் கேட்பார். என்ன சொல்வீர்கள்?

ரோபோ தானாகவே வெட்டுமா?

இல்லை. அறுவைச் சிகிச்சை செய்பவர் மருத்துவர்தான். அவர் சற்றுத் தள்ளி, கட்டுப்பாட்டு மேசைக்கு முன் உட்கார்ந்திருப்பார். வயிற்றில் போடப்படும் சிறு துளைகள் வழியாகக் கேமராவும் மெல்லிய கருவிகளும் உள்ளே போகும். மருத்துவர் கையை அசைத்தால்தான் கருவி அசையும்.

மருத்துவருக்கு என்ன வசதி?

வயிற்றின் உட்பகுதி முப்பரிமாணத்தில் பெரிதாகத் தெரியும். கருவியின் நுனி மணிக்கட்டைப் போல வளையும். கை நடுக்கம் கருவிக்குப் போகாது.

'டா வின்சி' கருவியைப் பெண்களுக்கான அறுவைச் சிகிச்சைகளில் பயன்படுத்த அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2005இல் அனுமதி தந்தது. சிங்கப்பூரில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகியவற்றிலும் இந்த முறை உண்டு.

அப்படியென்றால் இதுதான் சிறந்ததா?

அவசரப்பட வேண்டாம். வயிற்றைப் பெரிதாகக் கீறுவதோடு ஒப்பிட்டால், ரத்த இழப்பு குறைவு; சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் ரோபோ இல்லாத நுண்துளை அறுவைச் சிகிச்சையிலும் அந்தப் பலன் கிடைக்கும். கருப்பை அகற்றிய பெண்களைப் பற்றி அமெரிக்காவில் 2013இல் வெளியான பெரிய ஆய்வு இரண்டையும் ஒப்பிட்டது. சிக்கல்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ரோபோ முறைக்கு மட்டும் 2,000 டாலருக்கு மேல் கூடுதல் செலவு.

எங்கே கவனம் தேவை?

ஆரம்பக் கட்டக் கருப்பைவாய்ப் புற்றுநோயில். 631 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. வயிற்றைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோரில் 96.5 விழுக்காட்டினர் நாலரை ஆண்டுக்குப் பிறகும் நோயின்றி இருந்தனர். நுண்துளை முறையில் அது 86 விழுக்காடு. அந்தப் பிரிவில் பெரும்பாலோருக்கு ரோபோ பயன்படுத்தப்படவில்லை. சிலருக்கு மட்டுமே பயன்படுத்தப்பட்டது. மறு ஆண்டே அமெரிக்க நிர்வாகம், புற்றுநோய் அறுவைச் சிகிச்சையில் ரோபோவைப் பயன்படுத்துவது பற்றி எச்சரித்தது.

அம்மாவுக்கு இருப்பது சாதாரண நார்த்திசுக் கட்டி என்றால் இந்த முடிவு பொருந்தாது. எந்த நோய்க்கு எந்த முறை என்பதுதான் கேள்வி.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

- அறுவைச் சிகிச்சை கட்டாயமா? மருந்து போதுமா?
- அம்மாவுக்கு ரோபோவால் என்ன கூடுதல் நன்மை?
- இதே சிகிச்சையை ரோபோ மூலம் எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்?
- மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் போக, கையிலிருந்து எவ்வளவு கட்டவேண்டும்?

பதில்களை அம்மாவுக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். "மெஷின் பண்ணாது மா, டாக்டர்தான் பண்ணுவாரு" என்று தொடங்கலாம். முடிவு அம்மாவுடையது.