விடுப்பும் ராட்டினமும்: இந்தியக் குடும்பச் சுற்றுலா உருவான கதை

பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலையில் பிடதிக்கு அருகிலும், மும்பை–புணே விரைவுச்சாலையில் கோபோலிக்கு அருகிலும் உள்ள கேளிக்கைப் பூங்காக்களின் வாயிலில் கோடை விடுமுறைக் காலைகளில் நீளும் வரிசைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தாய், தந்தை, ஒன்றோ இரண்டோ குழந்தைகள், சில வேளைகளில் உடன் வந்த தாத்தா பாட்டி. பூங்காவை ஒட்டிய விடுதியில் அறை எடுத்திருப்பவர்கள் இரண்டு நாள் தங்குவார்கள். அறைக் கட்டணத்திலேயே காலை உணவும் அடங்கும். பணமும் விடுமுறையும் வாய்த்த எந்தக் குடும்பமும் இயல்பாகச் செய்யக்கூடிய காரியமாகவே இது தோன்றுகிறது. ஆனால் இந்த இயல்பு மிக அண்மைக் காலத்தது. ஊதியத்துடன் கூடிய விடுப்பு, பயணத்துக்கு அரசு தரும் சலுகை, 'குடும்பம்' என்றால் யார் என வரையறுக்கும் விதி, நுழைவுச்சீட்டின் மேல் விழும் வரி ஆகிய நான்கும் சேர்ந்தே அந்த வரிசையை உருவாக்கின. விடுமுறைக்குச் செல்லும் இந்தியக் குடும்பம் ஓரளவுக்கு அரசாணைகளுக்குள் பிறந்த குடும்பம்.

இதற்கு முன் இந்தியர்கள் பயணம் செய்யாதவர்கள் அல்லர். தலயாத்திரை, திருவிழா, திருமணம், துக்கம் ஆகியவை எல்லாக் காலத்திலும் மக்களைச் சாலைக்கு அழைத்து வந்திருக்கின்றன. ஆயினும் அவை கடமையின் பொருட்டான பயணங்கள். ஓய்வு ஒன்றையே நோக்கமாகக் கொண்டு நடுத்தரக் குடும்பம் ஊர்விட்டு ஊர் சென்று தங்கும் வழக்கத்துக்குத் தெளிவான தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று கல்கத்தாவில் கிடைக்கிறது. துர்க்கா பூசை விடுமுறையில் அலுவலகங்கள் மூடப்பட்டதும் வங்காளி எழுத்தர்களும் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் ரயிலேறி மேற்கே சென்றனர். மதுபூர், கிரிடி, தேவ்கர், சிமுல்தலா ஆகிய ஊர்கள் இன்று ஜார்கண்டிலும் பீகாரிலும் உள்ளன. காற்று மாற்றம் உடலுக்கு நல்லது என்ற மருத்துவ நம்பிக்கையே அப்பயணத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். அங்கே காய்கறியும் கோழியும் விற்கும் விலையைக் கேட்டு 'டேம் சீப்' என்று அவர்கள் வியந்ததால், உள்ளூர் மக்கள் அவர்களுக்கு 'டாஞ்சி பாபு' எனப் பெயரிட்டார்கள் என்று வங்காளத்தில் ஒரு வேடிக்கைக் கதை வழங்குகிறது. ஒருவரின் ஓய்வு, மற்றொருவரின் மலிவான உழைப்பையும் விளைச்சலையும் சார்ந்து நிற்பதை இந்த வேடிக்கை கூர்மையாகவே சொல்லிவிடுகிறது.

அந்தப் பயணத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. குடும்பம் தங்கியது விடுதியில் அன்று, வாடகை வீட்டில். பாத்திரமும் படுக்கையும் உடன் சென்றன. அடுப்பு மூட்டப்பட்டது. ஊர் மாறிய போதும் பெண்ணின் வேலை மாறவில்லை.

இந்தியாவில் விடுப்பு சட்ட உரிமையாவதற்குப் பன்னாட்டுப் பின்னணி உண்டு. 1936இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஊதியத்துடன் கூடிய விடுமுறை குறித்து ஓர் உடன்படிக்கையை ஏற்றது. அதே ஆண்டு பிரான்சில் மக்கள் முன்னணி அரசு இரண்டு வார ஊதிய விடுப்பைச் சட்டமாக்கியது. அதே ஆண்டில்தான் இங்கிலாந்தின் ஸ்கெக்னெஸ் கடற்கரையில் பில்லி பட்லின் தம் முதல் விடுமுறை முகாமைத் திறந்தார். உணவும் கேளிக்கையும் தங்குமிடமும் ஒரே கட்டணத்தில் அடங்கிய அந்த முகாம், இன்றைய பூங்கா விடுதிகளின் மூதாதை எனலாம். உரிமையும் அதை விலைக்கு விற்கும் வணிகமும் ஒரே காலத்தில் பிறந்தது தற்செயல் அன்று.

இந்தியாவில் 1945இன் திருத்தம் தொழிற்சாலைச் சட்டத்துக்குள் ஊதிய விடுமுறையைக் கொண்டுவந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அதை நிலைப்படுத்தியது: ஓராண்டில் 240 நாள் வேலை செய்த தொழிலாளிக்கு, அடுத்த ஆண்டில், உழைத்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் விடுப்பு. இந்த 240 என்ற எண்ணில் ஒரு சமூக வரலாறே ஒளிந்துள்ளது. பருவகாலத் தொழிலாளியும், இடையிடையே நிறுத்தி மீண்டும் எடுக்கப்படும் ஒப்பந்தத் தொழிலாளியும் அந்த எல்லையைத் தொடுவது அரிது. 2020இன் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதை 180 ஆகக் குறைத்தது. எனினும் நாட்டின் உழைப்பாளரில் மிகப் பெரும்பான்மையினர் வயலிலும் வீட்டிலும் தெருவிலும் கட்டுமானத் தளத்திலும் இருப்பதால், இந்தக் கணக்கு அவர்களை எட்டுவதே இல்லை.

அரசு ஊழியரின் கதை வேறு. 1924இல் லீ ஆணையம் உயர்பணிகளில் இருந்த ஐரோப்பிய அலுவலர்கள் பணிக்காலத்தில் நான்கு முறை இங்கிலாந்து சென்று திரும்பக் கப்பல் கட்டணத்தை அரசே ஏற்கப் பரிந்துரைத்தது. மனைவிக்கும் அச்சலுகை உண்டு. தாய்நாட்டை விட்டுத் தொலைவில் பணிபுரிபவருக்கு வீடு திரும்பும் உரிமை உண்டு என்பதே அதன் தருக்கம். சுதந்திர இந்திய அரசு 1956இல் தன் ஊழியர்களுக்கு அறிமுகப்படுத்திய விடுப்புப் பயணச் சலுகையிலும், அதாவது எல்.டி.சி.யிலும், அத்தருக்கத்தின் சாயல் தெரிகிறது. கப்பலுக்குப் பதிலாக ரயில். இங்கிலாந்துக்குப் பதிலாகச் 'சொந்த ஊர்'.

அந்தச் சொந்த ஊரை ஊழியர் எழுத்து வடிவில் அறிவிக்க வேண்டும். அங்கே அவருக்கு வீடோ நிலமோ உண்டா, நெருங்கிய உறவினர் வாழ்கின்றனரா, குடும்பக் கடமைகளுக்காக அவர் நேரில் செல்ல வேண்டியிருக்கிறதா என்றெல்லாம் அரசு பார்க்கும். அறிவித்த ஊரைப் பணிக்காலத்தில் ஒருமுறை மட்டுமே மாற்றலாம். உணர்வால் அறியப்பட்ட ஊர் படிவத்தால் அறியப்படலாயிற்று. பின்னர் 1970களில் நான்காண்டுக்கு ஒருமுறை இந்தியாவின் எந்த இடத்துக்கும் செல்லலாம் என்ற வாய்ப்பு சேர்ந்தபோது, சலுகையின் பொருளே மாறியது. கடமைக்காக ஊர் திரும்புவது அதுவரை அதன் நோக்கம்; இப்போது நாட்டைச் சுற்றிப் பார்ப்பதும் அதன் நோக்கமாயிற்று. பள்ளிப் பாடநூலில் படித்த தாஜ்மகாலையும் கன்னியாகுமரியையும் காஷ்மீரையும் பல்லாயிரம் எழுத்தர் குடும்பங்கள் கண்டது இந்த விதியின் வழியாகத்தான்.

வருமான வரிச் சட்டம் இச்சலுகையைத் தனியார் துறை ஊழியருக்கும் பயனுள்ளதாக்கியது. அதன் விதிகளில் ஒரு குடும்பச் சித்திரம் துலங்குகிறது. துணைவரும் குழந்தைகளும் உண்டு. பெற்றோரும் உடன்பிறந்தோரும் ஊழியரைச் சார்ந்து வாழ்ந்தால் மட்டும் உண்டு. 1998 அக்டோபர் 1க்குப் பின் பிறந்த குழந்தைகளில் இருவருக்கு மேல் இல்லை. முதற் குழந்தைக்குப் பின் இரட்டையர் பிறந்தால் மட்டும் விலக்கு. குடும்பக் கட்டுப்பாட்டுச் சுவரொட்டிகளில் சிரித்த சிறு குடும்பம் இவ்வாறு வரி விதிக்குள் வந்து அமர்ந்தது. இன்று விடுதிகள் விற்கும் அறையும் பெரும்பாலும் இரு பெரியவரும் இரு குழந்தைகளும் என்ற அதே அளவில் வெட்டப்பட்டிருக்கிறது. விலக்கு பயணக் கட்டணத்துக்கு மட்டுமே. தங்குமிடத்துக்கும் உணவுக்கும் இல்லை. பயணமும் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும். டெல்லியிலிருந்து மதுரை, கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று சுற்றி மீண்டும் டெல்லி திரும்பிய வங்கி ஊழியரின் பயணத்துக்கு வரிவிலக்கு கிடையாது என 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊழியரின் ஓய்வு தேசத்தின் எல்லைக்குள் நிகழ வேண்டும் என்பது அச்சலுகையின் நிபந்தனை.

இவ்வாறு விடுமுறைக் குடும்பம் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், அது சென்று சேர ஓர் இடமும் உருவாகி வந்தது. ராட்டினமும் மரணக் கிணறும் இந்தியாவுக்குப் புதியவை அல்ல. மேளாக்களிலும் பொருட்காட்சிகளிலும் அவை நெடுங்காலம் சுழன்றன. ஆனால் மேளாவுக்கு மதில் இல்லை. ஏறும் ராட்டினத்துக்கு மட்டும் காசு. வேடிக்கை பார்ப்பது எவருக்கும் இலவசம். கேளிக்கைப் பூங்கா இந்த உறவைத் தலைகீழாக்கியது: பார்ப்பதற்கே காசு, உள்ளே வந்தபின் ஏறுவதற்கு இல்லை. 1955 ஜூலையில் அமெரிக்காவின் அனஹைமில் டிஸ்னிலேண்டைத் திறந்த வால்ட் டிஸ்னி, மகள்கள் ராட்டினத்தில் சுற்ற, தாம் வெறுமனே பெஞ்சில் அமர்ந்திருந்த பொழுதுகளில் இந்த எண்ணம் உதித்ததாகக் கூறியிருக்கிறார். பெற்றோரும் குழந்தையும் ஒன்றாகக் களிக்கும் இடம், அதற்காகவே ஊர்க் கூட்டத்திலிருந்து பிரித்து வேலியிட்ட இடம்.

இந்தியாவின் முதல் கேளிக்கைப் பூங்கா எனப்படும் அப்பு கர், டெல்லியின் பிரகதி மைதானத்தில் 1984 நவம்பரில் ராஜீவ் காந்தியால் திறக்கப்பட்டது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான யானைக்குட்டியின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. சீக்கியக் குடும்பங்கள் அந்நகரத் தெருக்களில் வேட்டையாடப்பட்டு அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. குடும்ப மகிழ்ச்சிக்கான இடம் திறக்கப்பட்ட அதே நகரில் நிவாரண முகாம்களில் சிதைந்த குடும்பங்கள் இருந்தன என்பதை அப்பூங்காவின் இனிய நினைவுகள் பெரும்பாலும் சொல்வதில்லை. 2008இல் அப்பு கர் மூடப்பட்டது. அந்நிலத்தில் உச்ச நீதிமன்றத்தின் விரிவாக்கக் கட்டடங்கள் எழுந்தன.

1989இல் மும்பையின் கோராயில் எஸ்ஸெல் வேர்ல்டு தொடங்கப்பட்டபோது களம் தனியாருக்கு மாறியது. தொலைக்காட்சி வீடுதோறும் நுழைந்த ஆண்டுகள் அவை. அதன் விளம்பரம் குழந்தையின் பிடிவாதத்தையே பாட்டாக்கியது. எங்கே செல்வது என்பதைத் தந்தையின் விடுப்புப் படிவம் தீர்மானித்த வீட்டில், இப்போது குழந்தையின் விருப்பமும் ஒரு வாக்காயிற்று. அதன்பின் ஹைதராபாத் அருகே 1996இல் ராமோஜி திரைப்பட நகரம். கொச்சியில் 2000இல் வீகாலேண்டு. பெங்களூருவில் 2005இல் வொண்டர்லா. கோபோலியில் 2013இல் இமேஜிகா. பூங்காவோடு விடுதியும் சேர்ந்தது அடுத்த படி. ஒரு நாள் உலா இரவு தங்கும் சுற்றுலாவாக வளர்ந்தது. நாட்டைப் பார்ப்பதற்கான சலுகையில் வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகள் எந்த ஊரையும் பார்க்கத் தேவையில்லாத விடுமுறையைப் பெற்றனர்.

இதை வீழ்ச்சி என்று மட்டும் எழுதுவது எளிது. அறிஞர் பலரும் அப்படித்தான் எழுதுவர். ஆனால் சமையலறையிலிருந்து பார்த்தால் கணக்கு மாறுகிறது. மதுபூர் வாடகை வீட்டிலும், எல்.டி.சி.யில் சென்ற கணவனின் சொந்த ஊரிலும், தலயாத்திரைச் சத்திரத்திலும் பெண்ணைத் தொடர்ந்து வந்த அடுப்பு, பூங்கா விடுதியின் வாயிலில்தான் நின்றுபோனது. பிறர் சமைத்ததை உட்கார்ந்து உண்டு, நனைந்த உடையுடன் நீர்ச்சறுக்கில் சிரித்துக்கொண்டு இறங்கும் நடுத்தர வயதுப் பெண்ணுக்கு அது வாழ்வின் முதல் விடுமுறையாகவே இருக்கலாம். செயற்கை அலையைப் பழிப்பவர்கள் இந்த உண்மையான ஓய்வைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அரசின் பார்வையும் இடையில் மாறியது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, கேளிக்கைப் பூங்காவும் குழந்தைகளின் குடை ராட்டினமும் சூதாட்ட விடுதி, குதிரைப் பந்தயம் ஆகியவற்றோடு ஒரே பட்டியலில் 28 விழுக்காட்டில் வைக்கப்பட்டன. 2018 ஜனவரியில் பூங்காக்களுக்கு அது 18 ஆகக் குறைந்தது. இதைவிட வெளிப்படையான ஆவணம் 2020 அக்டோபரில் வந்தது. பெருந்தொற்றால் பயணிக்க முடியாத ஊழியர்கள் எல்.டி.சி. பயணக் கட்டணத்துக்கு ஈடான தொகையைப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் அதைப்போல் மூன்று மடங்கை, 12 விழுக்காடும் அதற்கு மேலும் வரியுள்ள பொருள்களிலும் சேவைகளிலும், மின்னணு முறையில் செலவிட வேண்டும் என ஒன்றிய அரசு அறிவித்தது. வீடு திரும்பும் உரிமையாகத் தொடங்கி, நாட்டை அறியும் வாய்ப்பாக விரிந்த ஒன்று, சந்தையில் தேவையைத் தூண்டும் கருவியாக அந்த அறிவிப்பில் நின்றது. பயணம் இல்லாமலேயே பயணச் சலுகை நிறைவேறியது.

பெண்ணின் கையிலிருந்து விலகிய அடுப்பு அணைந்துவிடவில்லை. விடுதியின் பின்கட்டுக்கு மாறியது. அங்கே சமைப்பவரும், அறை துடைப்பவரும், ராட்டினத்தின் பாதுகாப்புக் கம்பியை நாள்முழுதும் பூட்டித் திறப்பவரும் பிறர் விடுமுறையில் இருக்கும் நாட்களில்தான் மிகுதியாக உழைக்கின்றனர். அவர்களில் ஒப்பந்தத்தில் வந்தவர்கள் விடுப்புக்கு வேண்டிய நாள்கணக்கை நிறைவு செய்கிறார்களா என்பது பூங்கா வாயிலின் வரிசையில் நிற்பவர் எவருக்கும் தெரியாது. டாஞ்சி பாபுவுக்குக் கோழி விற்றவர் இன்று சீருடை அணிந்திருக்கிறார்.

இந்தியாவில் ஓய்வின் வரலாற்றை இடங்களின் வரலாறாக எழுதுவது வழக்கம்: மலைவாழிடம், கடற்கரை, பூங்கா. அதை உரிமையின் வரலாறாக எழுதினால் கேள்வி வேறாகிறது. விடுமுறைக்குத் தகுதியுள்ள குடும்பம் எது என்பதை எழுபதாண்டுகளாக விதிகள் நுணுக்கமாக வரையறுத்து வந்திருக்கின்றன. அந்த வரையறைக்குள் பூங்காவில் வேலை செய்பவரின் குடும்பமும் தன் குழந்தையோடு ஒருநாள் அதே வாயிலில் வந்து நிற்கும்போதுதான், 1936இல் தொடங்கிய பேச்சு இங்கே முடிவுக்கு வந்ததாகும்.