தேயிலைப் புழுவும் ஜாவாக் குளவியும்



அமெரிக்க நாட்டின் கிழக்குப் பகுதியில் ஒருவகைச் சிள்வண்டுகள் உள. அவை 13 அல்லது 17 ஆண்டுகள் மண்ணுக்கடியில் வேர்ச்சாற்றை உண்டு வாழ்ந்து, ஒரே பருவத்தில் கோடிக்கணக்கில் வெளிப்படுகின்றன. 1803இல் ஒருங்கே தோன்றிய இரு கூட்டங்கள், 221 ஆண்டுகள் கழித்து 2024இல் மீண்டும் ஒருங்கே தோன்றின. அங்குள்ளோர் இளமரங்களுக்கு வலை போர்த்திவிட்டுப் பொறுமையுடன் காத்திருப்பர். சில வாரங்களில் ஆரவாரம் அடங்கிவிடும்.

நம் ஊவா மலைகளில் அத்தகைய தவணை தவறாத வண்டு இல்லை. ஆனால் ஓசையின்றி வந்து, காத்திருந்தால் தோட்டத்தையே உண்டுவிடக்கூடிய பூச்சி ஒன்று உண்டு. அதுவே தேயிலை இலைசுருட்டுப் புழு.

இப்பூச்சி முதலிற் பெயர் பெற்றது கோப்பித் தோட்டத்திலாகும். 1861இல் நீட்னர் என்னும் தோட்டத்துரை, இலங்கைக் கோப்பியின் பகைகளை ஆராய்ந்து எழுதியபோது இதனையும் விவரித்தார். 1869இல் நம் மடுல்சீமையிற் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியைக் காலப்போக்கில் அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை நிரப்பிற்று. கோப்பி போயிற்று, புழு போகவில்லை.

அதன் வாழ்க்கை முறை எளியது. அந்துப்பூச்சி முற்றிய இலையின்மேல், மீன்செதில் அடுக்கியதுபோல முட்டைகளைத் தட்டையாக இடும். பொரிக்கும் புழுக்கள் இளந்தளிரை நாடி, இலைகளை நூலாற் பிணைத்துக் கூடமைத்து, உள்ளிருந்தே தின்னும். அக்கூட்டிலேயே கூட்டுப்புழுவாகிப் பின்னர் சிறகு பெறும். அது தின்பது கொழுந்து. கொழுந்தே பறிப்பவரின் கூலி.

இதனைத் தடுக்க நெடுங்காலம் இருந்த வழி மனிதக் கையே. செடி செடியாக நோக்கி முட்டைத் திரள்களைப் பொறுக்கினர். கொழுந்தில் ஓடிப் பழகிய விரல்களுக்கும் அது சலிப்பான வேலை; பொறுக்கியதினும் தப்பியது மிகுதி.

1925இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் வேறொரு வினாவை எழுப்பினர்: ஜாவாத் தீவில் இப்புழுவை அடக்கி வைத்திருப்பது எது? விடை, மாக்ரோசென்ட்ரஸ் என்னும் மெல்லிய குளவி. அது இளம்புழுவின் உடலுள் முட்டையிடும். குளவியின் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே உண்டு முடிக்கும். 1935ஆம், 1936ஆம் ஆண்டுகளில் அக்குளவியைக் கொணர்ந்து நம் தோட்டங்களில் விட்டனர். அது நிலைபெற்றது, புழுவின் கொட்டம் அடங்கிற்று.

இத்துடன் கதை முடிந்திருந்தால் இதனை வெற்றிக் கதை என்றே சொல்லியிருப்பேன். ஆனால் பின்னர், தேயிலைத் தண்டைத் துளைக்கும் வேறொரு வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. நஞ்சு நண்பனையும் பகைவனையும் பிரித்தறியுமோ? இலைச்சுருளுக்குள் புழு மறைந்திருந்தது. வெளியே பறந்த குளவி மாண்டது. அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகிற்று. நஞ்சை நிறுத்திய பின்னரே குளவி தன் காவலை மறுபடி ஏற்றது. 2001இல் உலக நாடுகள் ஸ்டாக்ஹோமிற் செய்த உடன்படிக்கையில், விலக்கத்தக்க நஞ்சுகளுள் டீல்ட்ரினும் இடம்பெற்றது.

என் மாணவருட் பலர் லயங்களிலிருந்து வருபவர். வரலாறு என்றதும் மன்னரையும் ஆளுநரையுமே எழுதுகின்றனர். அவர்களுக்கு நான் கூறுவது இது: உங்கள் பாட்டிமார் கூடை சுமந்து நின்ற நிரைகளிலும் ஒரு வரலாறு நடந்தது. ஆராய்ந்தவர் பெயர் ஏட்டில் உண்டு. முட்டை பொறுக்கிய கைகளின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. வீட்டில் முதியோர் இருப்பின், இன்றிரவே அவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள்.