சென்னையின் மிதிவண்டித் தொழில்

விடுதலைக்கு முன் சென்னையில் ஓடிய ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. போன்ற பெயர்பெற்ற மிதிவண்டிகள் இங்கிலாந்தில் செய்யப்பட்டு, கப்பலில் வந்தவை. தரமான வண்டி வேண்டுமென்றால் இறக்குமதி விலையைக் கொடுக்க வேண்டியிருந்தது.

1949-இல் முருகப்பா குழுமம், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. 1951-இல் அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ் மிதிவண்டி வெளிவந்தது.

மிதிவண்டியின் தரம் அதில் ஒட்டியுள்ள பெயரில் இல்லை. சட்டத்தின் எஃகுக் குழாய், செயின், சக்கர அச்சு ஆகியவற்றில் இருக்கிறது. எனவே அடுத்த கட்டமாக உறுப்புகளும் இங்கேயே உருவாயின. 1955-இல் ஆவடியில் எஃகுக் குழாய் செய்யும் டியூப் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொடங்கப்பட்டது. 1960-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கூட்டுறவுடன் டி.ஐ. டயமண்ட் செயின் உருவானது.

இதன் பயன் தொழிலாளருக்குப் பெரிது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் ஷிப்ட் வேலைக்கு மிதித்துச் செல்பவருக்கு வழியில் செயின் அறுந்தால் அன்றைய கூலியே கேள்விக்குறி. உறுப்பு உள்ளூரில் கிடைத்தால், தெருமுனைக் கடையிலேயே பழுது நீங்கிவிடும்.

இதே நிறுவனம் 2011-இல் மான்ட்ரா என்ற பெயரில் வேக மிதிவண்டிகளையும் கொண்டுவந்தது. இன்று கியர் வண்டி வாங்கும் மாணவருக்கும் பழைய பாடமே பொருந்தும். வண்ணத்தையும் கியர்களின் எண்ணிக்கையையும் பார்த்து மயங்க வேண்டாம். சட்டம் நேராக உள்ளதா, சக்கரம் கோணாமல் சுழல்கிறதா, பிரேக் உடனே பிடிக்கிறதா, மாற்று உறுப்பு அருகில் கிடைக்குமா என்று பார்த்து வாங்குவதே சிக்கனம்.